பொனற்றுக்குள் இருக்கும் பெயர்கள்

பெரும்போகத்துக்கு முந்திய மாதங்களில் ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, தம்பிலுவில் பக்கம் எங்கே போனாலும் உழவு மெசின் பேச்சுத்தான். தண்ணீர் திறக்கும் திகதி கூட்டத்தில் தீர்மானமாகிவிட்டால் மெசின் வைத்திருப்பவர் அதைக் கராஜுக்குக் கொண்டுபோகிறார். இல்லாதவர் வாங்குவதா, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலிக்குப் பிடிப்பதா எனக் கணக்குப் பார்க்கிறார். வாங்கத் துணிந்தவர் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் இதுதான்: எந்தக் கம்பனி நல்லது? மஸியா, டஃபேயா, மஹிந்திராவா, குபோட்டாவா?

வீடு கட்டுவதற்கு அடுத்தபடியாக விவசாயி ஒருவர் வாழ்நாளில் செய்யும் பெரிய செலவு இது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் பொனற்றில் பெயர் எழுதியிருக்கும் கம்பனியே முழு மெசினையும் செய்தது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உழவு இயந்திரங்கள் அப்படிச் செய்யப்படுவதில்லை. டீசல் பம்ப் ஒரு கம்பனியுடையது, பெயரிங் இன்னொன்றுடையது. கிளட்ச் தட்டு, டயர், பற்றறி, ஸ்டாட்டர் மோட்டார், ஒயில் சீல் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பிறப்பிடம். சில மெசின்களில் எஞ்சினே வேறொருவருடையது. பெயர் போடுபவர் இவற்றையெல்லாம் தன்னுடைய வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் பொருத்திக் கொடுக்கிறார். இதை அறிந்து வாங்கியவருக்கும் அறியாமல் வாங்கியவருக்கும் உள்ள வித்தியாசம் வாங்கிய அன்று தெரியாது. சில வருடங்கள் கழித்து, பாதி உழுத வயலுக்குள் மெசின் நிற்கும்போது தெரியும்.

எங்கள் பக்கத்துக்கு நன்கு பழகிய மெசினிலிருந்தே தொடங்குவோம். 1950களின் தொடக்கத்தில் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் உருவாகி, கல்லோயாத் தண்ணீர் வயல்களுக்கு வரத் தொடங்கியதும் உழவின் கணக்கு மாறியது. வாய்க்காலில் தண்ணீர் வரும் சில வாரங்களுக்குள் பெரும் பரப்பை உழுது, பலகையடித்து, விதைத்து முடிக்கவேண்டும். எருமை பூட்டி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. அடுத்து வந்த ஆண்டுகளில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்களில் இறங்கிய மெசின்களுக்குள் மஸி ஃபேர்கசனுக்குத் தனி இடம் உண்டு. 135 என்ற மாதிரி 1964இன் இறுதியில் அறிமுகமானது. அறுபது வருடம் கழித்தும் அது சேற்றில் இறங்குகிறது என்றால் இரும்பின் உறுதி மட்டும் அதற்குக் காரணமாக இருக்கமுடியாது. இரும்பு தேயும். தேய்ந்ததற்கு மாற்று கிடைத்துக்கொண்டே இருந்ததால்தான் அது இன்றும் ஓடுகிறது. மாற்று ஏன் கிடைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

அந்த வம்சத்தின் மூலவர் ஹரி ஃபேர்கசன். 1884இல் வட அயர்லாந்தின் டவுண் மாவட்டத்தில் பிறந்தவர். கலப்பையை மெசினுக்குப் பின்னால் சங்கிலியில் இழுத்துக்கொண்டு போகாமல், மூன்று புள்ளிகளில் பிணைத்து, ஹைட்ரோலிக் விசையால் தூக்கி இறக்கும் முறையை 1920களில் உருவாக்கினார். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. மண் கலப்பையைப் பின்னுக்கு இழுக்க, மேற்கை அந்த விசையை முன்னுக்குத் தள்ளி மெசினின் ஹைட்ரோலிக் வால்வுக்கு உணர்த்தும். மண் இறுகியிருந்தால் கலப்பை தானாகச் சற்று உயரும், இளகியிருந்தால் இறங்கும். இழுவையில் ஒரு பங்கு பின்சில்லுகளின்மேல் பாரமாக இறங்குவதால், எடை குறைந்த மெசினாலும் வழுக்காமல் உழ முடிந்தது.

1946இல் இங்கிலாந்தின் கொவன்றி நகரில் இந்த முறையோடு வெளிவந்ததுதான் டி.ஈ. 20 என்ற சாம்பல் நிற மெசின். பத்து ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதைச் செய்தது ஃபேர்கசனின் தொழிற்சாலை இல்லை. கார் செய்யும் ஸ்ராண்டட் மோட்டார் கம்பனியின் தொழிற்சாலை. முதலில் வந்த மெசின்களுக்குள் இருந்ததோ அமெரிக்காவின் கொன்டினென்டல் கம்பனியின் எஞ்சின். ஸ்ராண்டட் தன் எஞ்சினை ஆயத்தம் செய்தபின் அது மாற்றப்பட்டது. உலகின் புகழ்பெற்ற உழவு இயந்திரங்களில் ஒன்று பிறக்கும்போதே மூன்று கம்பனிகளின் வேலையாகத்தான் பிறந்தது.

1953இல் ஃபேர்கசன் கனடாவின் மஸி ஹரிஸோடு இணைந்தார். 1959இல் அந்தக் கூட்டுக் கம்பனி, பீற்றர்பரோவில் டீசல் எஞ்சின் செய்துவந்த பெர்கின்ஸை வாங்கியது. 35, 135, பின்னால் வந்த 240 ஆகியவற்றின் இதயமான 3.152 எஞ்சின் பெர்கின்ஸினுடையது. இலக்கமே அதன் கணக்கைச் சொல்கிறது: மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம், அதாவது இரண்டரை லீற்றர். சிலிண்டரின் விட்டம் 3.6 அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் 5 அங்குலம். வட்டத்தின் பரப்பை ஐந்தாலும் மூன்றாலும் பெருக்கிப் பாருங்கள், 152 சொச்சம் வரும்.

மஸி வாங்கிவிட்டது என்பதற்காகப் பெர்கின்ஸ் மற்றவர்களுக்கு எஞ்சின் விற்பதை நிறுத்தவில்லை. இதே எஞ்சின் படகுகளிலும் வேறு இயந்திரங்களிலும் ஏறியது. மெசினும் எஞ்சினும் அனுமதிப்பத்திரத்தின்பேரில் பல நாடுகளில் செய்யப்பட்டன: யூகோஸ்லாவியாவில் ஐ.எம்.டி., பாகிஸ்தானின் லாகூரில் மில்லத், இந்தியாவில் டஃபே. பிஸ்டன், வளையம், லைனர், கஸ்கெட் செய்யும் கம்பனிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரே அளவில் செய்து கண்டமெங்கும் விற்கலாம். 135க்கு உதிரிப்பாகம் இன்றுவரை மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பதற்கு அடிக்காரணம் இந்தப் பரவல்தான்.

டஃபேயின் கதை எங்களுக்கு இன்னும் கிட்டியது. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னையில், 1960இல் தொடங்கப்பட்ட கம்பனி அது. எஸ். அனந்தராமகிருஷ்ணன் கட்டியெழுப்பிய அமால்கமேஷன்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது. அதே குழுமத்தில்தான் 1840இல் குதிரை வண்டி கட்டும் கடையாகச் சென்னையில் தொடங்கி, பின்னர் பெர்கின்ஸ் அனுமதியோடு டீசல் எஞ்சின் செய்த சிம்சன் இருக்கிறது. பிஸ்டன் செய்யும் இந்தியா பிஸ்டன்ஸும், எஞ்சினின் உள்பெயரிங் செய்யும் கோயம்புத்தூர் பைமெட்டல் பெயரிங்ஸும் அங்கேதான். டஃபே மெசினின் எஞ்சினைத் திறந்தால் இந்தப் பெயர்கள் வரிசையாக வரும். எங்கள் ஊர்களில் டஃபே 45 நன்றாக ஓடுவதும், பழைய மஸி பார்த்த மெக்கானிக் அதன்முன் திகைத்து நிற்காததும் இந்த உறவினால்தான்.

ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காக எல்லாம் ஒன்றாகிவிடாது. பெர்கின்ஸிலேயே 3.152க்கு மூத்த எஞ்சின் பி3.144. அதன் சிலிண்டர் விட்டம் 3.5 அங்குலம். வித்தியாசம் அங்குலத்தில் பத்தில் ஒன்று, இரண்டரை மில்லிமீற்றர். பிஸ்டன் வளையத்துக்கு இரண்டரை மில்லிமீற்றர் என்பது கடல் போன்ற இடைவெளி. ‘இதுவும் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ்தானே’ என்று கடைக்காரர் தருவதை வாங்கிவந்தால் காசு போய்விடும். எஞ்சின் உடலில் பொறித்த இலக்கத்தை எழுதிக்கொண்டு போவதுதான் வழி.

யாருடைய பெயரை நம்புவது என்ற குழப்பம் கடந்த முப்பது ஆண்டுகளில் மேலும் கூடியிருக்கிறது. மஸி ஃபேர்கசன் 1994இல் அமெரிக்காவின் அக்கோவிடம் போனது. பெர்கின்ஸ் 1998இல் கட்டர்பில்லரிடம் போனது. எஞ்சினும் மெசினும் வேறு வேறு முதலாளிகளின் கைக்குப் பிரிந்தன. 2025இல் அக்கோவும் டஃபேயும் நீண்ட வழக்கை முடித்துக்கொண்டபோது, இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளில் மஸி ஃபேர்கசன் என்ற பெயர் டஃபேக்கே உரிமையானது. மற்ற இடங்களில் அது அக்கோவின் பெயர். ஆகவே ஒரே எழுத்து, ஒரே சிவப்பு என்றாலும் எந்த நாட்டில் எந்த ஆண்டில் செய்தது என்று பார்த்துத்தான் உள்ளே இருப்பதைச் சொல்லமுடியும்.

மறுபக்கத்தில், முதலாளி ஒருவராக இருந்தும் பாகங்கள் வேறாக இருப்பதைப் பாருங்கள். மஹிந்திரா 1963இல் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரோடு கூட்டுச்சேர்ந்து உழவு இயந்திரம் செய்யத் தொடங்கியது, அதன் பழைய எஞ்சின்கள் அந்த வழியில் வந்தவை. சுவராஜ், துர்காபூர் அரச ஆய்வுகூடத்தின் வரைபடத்திலிருந்து 1974இல் பிறந்தது. அதற்கு எஞ்சின் கொடுத்தது கிர்லோஸ்கர். நீரிறைக்கும் எஞ்சினால் எங்கள் விவசாயிகளுக்கும் தெரிந்த அதே கிர்லோஸ்கர்தான். 2007இல் மஹிந்திரா சுவராஜை வாங்கிவிட்டது. அதற்காக மஹிந்திராவின் பிஸ்டன் சுவராஜில் ஏறாது. டஃபே 2005இல் ஐஷரின் உழவு இயந்திரப் பகுதியை வாங்கியது. காற்றால் குளிரும் ஐஷர் எஞ்சினுக்கும் தண்ணீரால் குளிரும் சிம்சன் எஞ்சினுக்கும் பொதுவான பாகம் தேடுவது வீண். 2022இல் எஸ்கோட்ஸ், ஜப்பானியக் குபோட்டாவின் கைக்குப் போய் எஸ்கோட்ஸ் குபோட்டா ஆனது. அதன் ஃபார்ம்ட்ராக்கின் வேர் பழைய ஃபோர்ட் மெசினில் இருக்கிறது. விற்பனையாளர் ‘இரண்டும் ஒரே கம்பனி’ என்று சொன்னால் அது பங்குச்சந்தைச் செய்தி. உங்கள் கராஜுக்கு அதனால் பயன் ஏதும் இல்லை.

இனிப் பாகங்களுக்குள் போவோம். எல்லாப் பெயருக்கும் பொதுவான பாகம் எது என்று கேட்டால் முதலில் வருவது பெயரிங். கடையில் போய், ‘காக்கா, 6206 ஒண்டு தாங்க’ என்றால் எந்த மெசினுக்கு என்று அவர் கேட்கமாட்டார், கேட்கத் தேவையும் இல்லை. முதல் 6, ஆழத் தடம் கொண்ட ஒற்றை வரிசைக் குண்டு வகை என்கிறது. அடுத்த 2 அதன் பருமன் வரிசை. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 06 ஐந்து முறை, 30 மில்லிமீற்றர். வெளிவிட்டம் 62, அகலம் 16. ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். செய்தாலும், ஜப்பானின் என்.எஸ்.கே. செய்தாலும், இந்தியாவிலோ சீனாவிலோ செய்தாலும் இந்த அளவு மாறாது. சர்வதேசத் தரம் அதைக் கட்டிப்போட்டிருக்கிறது. (04 தொடங்கி மேலே போகும் இலக்கங்களுக்குத்தான் இந்தப் பெருக்கல் பொருந்தும், 00 முதல் 03 வரை முறையே 10, 12, 15, 17 மில்லிமீற்றர்.)

இலக்கத்துக்குப் பின்னால் வரும் எழுத்துகளைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். 2ஆர்.எஸ். என்றால் இரண்டு பக்கமும் றப்பர் மூடி, ஸெட் ஸெட் என்றால் தகட்டு மூடி, ஒன்றும் இல்லை என்றால் திறந்தது. சி3 என்றால் உள்ளே குண்டுகளுக்கு வழமையைவிடக் கூடிய இடைவெளி. சூடேறி விரியும் இடத்துக்கு அது. சேறு தெறிக்கும் இடத்தில் திறந்த பெயரிங்கைப் போட்டால் அளவு சரியாக இருந்தும் ஒரு போகம் தாங்காது. ஒயில் சீலும் இப்படித்தான். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு என மூன்று எண்கள் அதன் முகத்திலேயே இருக்கும். மெசினின் பெயர் சொல்லிக் கேட்டால் கம்பனிப் பெட்டிக்குள் வரும் பொருள், இலக்கம் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் குறைந்த விலையில் கிடைக்கும்.

மெசினின் பின்பக்கமும் அப்படியே பொதுவாகிவிட்டது. ஃபேர்கசனின் மூன்று புள்ளிப் பிணைப்பு ஒருகாலத்தில் அவருடைய தனிச்சொத்து. 1938இல் ஹென்றி ஃபோர்டோடு கைகுலுக்கி மட்டும் செய்த ஒப்பந்தம் முறிந்து, வழக்காகி, 1952இல் 92.5 இலட்சம் டொலர் இழப்பீட்டோடு முடிந்தது. காப்புரிமைக் காலம் போனபின் எல்லாக் கம்பனிகளும் அதை எடுத்துக்கொண்டன. இன்று முதலாம் வகுப்புப் பிணைப்பின் கீழ்க்கை ஊசி 22 மில்லிமீற்றர், மேற்கை ஊசி 19. இரண்டாம் வகுப்பில் 28, 25. கருவியைச் சுழற்றும் பின் தண்டு 35 மில்லிமீற்றர், ஆறு பற்கள், நிமிடத்துக்கு 540 சுற்று. அயல்வீட்டுக்காரரின் சுழல்கலப்பை உங்கள் மெசினில் பொருந்துவது இதனால்தான். இந்த ஒற்றுமையை நான் பெரிய சாதனையாகவே மதிக்கிறேன். மெசினை மாற்றினால் கலப்பையையும் மாற்றவேண்டியிருந்திருந்தால் எங்கள் சிறு விவசாயிகள் கடனிலிருந்து எழும்பியிருக்கமாட்டார்கள்.

பொதுவாகத் தோன்றி ஏமாற்றும் பாகம் டீசல் பம்ப். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனென்றால் பெருஞ்செலவு வைக்கும் பழுது இங்கேதான் வருகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கிச் சூடாக்க, சரியான கணத்தில் டீசலைப் பனிபோலத் தெளித்தால் அது தானாகப் பற்றும். இரண்டரை லீற்றர் மூன்று சிலிண்டர் எஞ்சின் முழுச் சுமையில் ஓடும்போது ஒவ்வொரு தெளிப்பிலும் போவது ஏறத்தாழ 50 கன மில்லிமீற்றர் டீசல், அதாவது ஒரு துளி. அந்த ஒரு துளியை 200 வளிமண்டல அழுத்தத்தை ஒட்டிய விசையில், நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குள் தள்ளவேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நிமிடத்துக்கு ஆயிரம் தடவை. துளி கொஞ்சம் கூடினால் கரும்புகை, கொஞ்சம் குறைந்தால் இழுவை இல்லை.

இத்தனை அழுத்தத்தில் டீசல் பின்னுக்குக் கசியாதிருக்கப் பம்பின் உருளைக்கும் அதன் கூட்டுக்கும் இடையே சில மைக்ரோன் இடைவெளிதான் விடப்படுகிறது. தலைமயிர் ஒன்றின் தடிப்பு எழுபது மைக்ரோன் வரை இருக்கும். இந்த நுட்பத்தில் இரும்பைத் தேய்த்தெடுக்கும் ஆற்றல் உலகில் சில கம்பனிகளுக்கே வாய்த்தது. அதனால்தான் எந்த உழவு இயந்திரத்தைத் திறந்தாலும் திரும்பத் திரும்ப இரண்டு, மூன்று பெயர்களே வருகின்றன. ஒன்று, 1927இல் டீசல் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கிய ஜெர்மனியின் பொஷ். 1951 முதல் பெங்களூரில் மைக்கோ என்ற பெயரிலும் இருந்தது. மற்றது இங்கிலாந்தின் சி.ஏ.வி.; பின் லூக்கஸ், 2000இல் டெல்ஃபி என்று கைமாறியது; சென்னைப் பக்கத்தில் டெல்ஃபி டி.வி.எஸ். என்ற பெயரில் செய்யப்பட்டது. பழைய மஸியில் சி.ஏ.வி. என்றும் புதியதில் டெல்ஃபி என்றும் கண்டால் திகைக்கவேண்டாம், ஒரே பரம்பரைதான்.

இந்தப் பம்புகள் இரண்டு வகை. வரிசைப் பம்பில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித் தள்ளி உண்டு. அதன் கீழ்ப்பாகம் எஞ்சின் ஒயிலில் நனைந்து ஓடும். பழைய மஸியிலுள்ள சி.ஏ.வி. டி.பி.ஏ. சுழல் பம்ப் வேறுவிதம். நேருக்கு நேர் நிற்கும் ஒரு சோடித் தள்ளிகளே எல்லாச் சிலிண்டருக்கும் அழுத்தம் கொடுக்க, சுழலும் தண்டு ஒவ்வொன்றாகப் பங்கிடும். சிறியது, பாரம் குறைந்தது, எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே அளவு தரும். ஆனால் அதற்குள் வேறு ஒயில் கிடையாது. ஓடும் டீசலே அதற்கு உராய்வு நீக்கி. அதில் மண்ணெண்ணெய் கலந்தாலோ, தண்ணீர் சேர்ந்தாலோ, வடிகட்டியை மாற்றாமல் விட்டாலோ முதலில் சாவது பம்ப். மண்ணெண்ணெய் டீசலைவிட மெலிந்தது, இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் நிற்கும் மென்படலத்தை அது தராது. மண்ணெண்ணெய் ஊற்றினால் எஞ்சின் ஓடத்தான் செய்யும், அதற்கான விலையைப் பம்ப் பிறகு கேட்கும்.

இரண்டு மெசினிலும் பொஷ் பம்ப் இருக்கிறதே, ஒன்றைக் கழற்றி மற்றதில் போடலாமா? கூடாது. கூடு ஒன்றுபோல இருந்தாலும், எந்தப் பாகையில் தெளிப்பது, ஒரு தடவைக்கு எவ்வளவு, எந்தச் சுற்றில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலைக் குறைப்பது என்பதெல்லாம் அந்தந்த எஞ்சினுக்கென்று பூட்டப்பட்டவை. பம்பின் பக்கத்தில் ஆணியடித்த சிறு தகட்டில் உள்ள நீண்ட இலக்கம்தான் அதன் அடையாளம். நிறம் பூசும்போது அந்தத் தகட்டை மறைத்துவிடாதீர்கள். பழைய மெசின் வாங்கப்போனால் அதைக் கழற்றியிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். பொதுச் சப்ளையர் இருப்பதன் உண்மையான பயன் இன்னொன்று: அதைத் திருத்தத் தெரிந்தவரும், சோதனை மேசையில் ஏற்றி அளவு பார்க்கும் கராஜும் கிடைப்பார்கள். கல்முனையிலோ அம்பாறையிலோ பம்ப் வேலை செய்பவரிடம் போய், ‘இந்த மெசின் வாங்கப்போகிறேன், இதன் பம்பை உங்களால் திறக்கமுடியுமா’ என்று கேட்பது, காட்சிக்கூடத்தில் மூன்று மணித்தியாலம் இருப்பதைவிடப் பயனுள்ளது.

ஆக, உழவு இயந்திரத்தின் பாகங்களுக்குள் எந்தக் கடையிலும் கிடைக்கும் தரப்படுத்திய பாகங்கள் உண்டு. அவற்றுக்காகக் கம்பனி பார்க்கவேண்டியதில்லை. பெரிய சப்ளையர்கள் அந்தந்த மெசினுக்கென்று செய்துகொடுக்கும் பம்ப், கிளட்ச், ஸ்டாட்டர் போன்றவை உண்டு. அவற்றுக்குத் திருத்துபவர் இருந்தால் போதும். மிஞ்சுவது, பெயர் போட்ட கம்பனி மட்டுமே வார்த்துச் செய்யும் பாகங்கள்: கியர்ப்பெட்டியின் கூடு, அதன் பற்சில்லுகள், பின் அச்சுக் கூடு, ஹைட்ரோலிக் மூடி, முன் அச்சு. நாலு சில்லும் இழுக்கும் மெசினென்றால் முன் அச்சுக்குள் இருக்கும் கூம்புப் பற்சில்லுகளும் இதில் சேரும். மெசினைத் தெரிவுசெய்வது இந்தப் பாகங்களை வைத்துத்தான் என்பது என் முடிவு. பெயரிங் எல்லோரிடமும் ஒன்றுதான், டயர் எல்லோரிடமும் ஒன்றுதான். கியர்ப்பெட்டியின் மூன்றாம் கியர்ப் பற்சில்லு உடைந்தால் அது எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும், இதே மாதிரி மெசின் இந்த வட்டாரத்தில் எத்தனை ஓடுகிறது? ஒன்றும் ஓடவில்லை என்றால், எவ்வளவு நல்ல மெசினாக இருந்தாலும் நீங்கள் தனியே நிற்கிறீர்கள்.

இது ஏட்டுக் கணக்கு இல்லை என்பதை 2022இன் பொருளாதார நெருக்கடி எங்களுக்குக் காட்டியது. வாகன இறக்குமதி 2020இலேயே நிறுத்தப்பட்டிருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயை எட்டியது. இறக்குமதிச் சாமான்கள் எல்லாம் அந்த அளவுக்கு ஏறின. டீசலுக்கு வரிசை, அதற்கு முந்திய ஆண்டிலிருந்தே உரத்துக்குத் தட்டுப்பாடு. புது மெசின் வாங்குவது கனவாகிப்போன அந்தக் காலத்தில் வயல்களைக் காப்பாற்றியவை, பாகம் எங்கும் கிடைக்கும் பழைய மெசின்களும், ஒன்றின் உறுப்பைக் கழற்றி மற்றதை ஓடவைத்த கராஜ்காரர்களும்தான். ஆயிரக்கணக்கில் ஓடும் மாதிரிக்கு அந்த வசதி இருந்தது. பத்து, இருபது மட்டும் வந்த மாதிரிக்கு அது கிடைக்காது.

லேண்ட்மாஸ்டர் எனப்படும் இரு சில்லு மெசின்களிலும் இதே பாடம்தான். சீனாவின் எஸ். 195 எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைச் சிலிண்டர், விட்டம் 95 மில்லிமீற்றர், ஓட்டம் 115, கொள்ளளவு 815 கன சென்ரிமீற்றர், ஏறத்தாழ 12 குதிரைவலு. இந்த வரைபடத்தைச் சீனாவில் பல தொழிற்சாலைகள் ஒரே அளவில் செய்தன. பெயரும் நிறமும் வேறாக இருந்தாலும் லைனரும் பிஸ்டனும் பொருந்தும். ஆனால் தரம் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும். அளவு ஒன்றாக இருப்பதும் உருக்கு ஒன்றாக இருப்பதும் வேறு வேறு விஷயங்கள்.

போலிச் சாமானின் ஆபத்தும் இங்கேதான் நுழைகிறது. பொதுவான பாகத்துக்குச் சந்தை பெரிது, அதனால் போலியும் பெரிது. பிரபலமான பெயரிங் பெட்டியில் மட்டமான உருக்கு, பெயர்பெற்ற வடிகட்டிக்குள் மலிவான தாள். டீசல் வடிகட்டியில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பல்லாயிரம் ரூபாய்ப் பம்பைப் பலிகொடுக்க வேண்டாம். எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே கூடாது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. கழற்றி மாட்ட அரைமணி நேரம் போதுமான, உடைந்தால் வேறெதையும் உடைக்காத பாகத்தில் மலிவு பார்க்கலாம். மெசினை இரண்டாகப் பிளந்தால்தான் எட்டக்கூடிய கிளட்ச் தட்டு, அதன் பெயரிங், பின்பக்க ஒயில் சீல் ஆகியவற்றில் பார்க்கக்கூடாது. அங்கே சாமானின் விலையைவிடக் கூலியும் இழந்த உழவு நாட்களும் அதிகம்.

எங்கள் மண்ணுக்குரிய ஒரு விஷயம் எஞ்சியிருக்கிறது. கரையோர வயல் சேற்று வயல். குதிரைவலு கூடினால் நல்லது என்று வாங்கும் பார மெசின், வருடா வருடம் ஒரே ஆழத்தில் ஓடி, சேற்றுக்குக் கீழுள்ள இறுகிய மண் படையை உடைத்துவிட்டால் அடுத்த போகத்தில் அச்சுவரை புதையும். தண்ணீர் நிற்காமல் கீழே இறங்கவும் தொடங்கும். சுழல்கலப்பைக்குத் தேவையான வலு இருக்கவேண்டும், அதற்குமேல் பாரம் கூடாது. இரும்புக் கூட்டுச் சில்லு மாட்டினால் பின் அச்சுப் பெயரிங்குகள்மேல் பாரம் கூடும் என்பதையும் கணக்கில் எடுக்கவேண்டும். பின் அச்சின் சீல், முன்சில்லுக் கும்பத்தின் சீல் ஆகியவற்றை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றவேண்டியிருக்கிறது என்று, அதே மாதிரியைச் சேற்றில் ஓட்டும் சாரதியிடம் கேளுங்கள். விற்பவர் மேட்டுநிலத்து அனுபவத்தைச் சொல்லக்கூடும்.

வாங்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். முற்பணம் கட்டுமுன், மெசினின் உதிரிப்பாகப் புத்தகத்தை விற்பனையாளரிடம் வாங்குங்கள். தராவிட்டால் அந்த மெசினை விடுங்கள். எஞ்சின், பம்ப், கிளட்ச், ஸ்டாட்டர் ஆகியவற்றின் பெயரையும் இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் உள்ள சாமான் கடைகளுக்குப் போய் இன்று கையிருப்பில் எவை உண்டு என்று கேளுங்கள். பிறகு கியர்ப்பெட்டியின் பற்சில்லு ஒன்றையும் ஹைட்ரோலிக் பம்பையும் பெயர் சொல்லி விலை கேளுங்கள். ‘கொழும்பிலிருந்து எடுக்கவேணும், எத்தனை நாள் எண்டு சொல்ல ஏலாது’ என்று மூன்று கடையும் சொன்னால், பொனற்றில் எந்தப் பெயர் இருந்தாலும் அந்த மெசின் ஆலையடிவேம்பு வயலுக்கு உரியதல்ல.